துதிக்கை நுனியில் ஒரு சேதி



பாலூட்டி விலங்குகள் எப்படி இணை தேடுகின்றன? இணை சேர வேண்டிய வேளை வந்துவிட்டது என்று அவற்றுக்கு யார் சொல்கிறார்கள்? அதில் ஹார்மோனுக்கு என்ன பங்கு, மூக்குக்கு என்ன பங்கு? இதுவே இன்றைய என் பொருள். இனச்சேர்க்கை என்ற சொல் காதில் விழுந்ததும் கூச்சப்பட வேண்டாம். நாம் ஒவ்வொருவரும் பிறந்து வந்த வழியைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஹார்மோன் என்றால் பள்ளியில் என்ன படித்தோம்? ஒரு சுரப்பியில் ஊறும், இரத்தத்தில் கலக்கும், உடலின் வேறொரு மூலைக்குப் போய் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். சரியான பாடம்தான். ஆனால் அந்தப் பாடம் தோலோடு நின்றுவிடுகிறது. தோலுக்கு அப்பால் என்ன நடக்கிறது? ஒரு விலங்கின் உடலுக்குள் ஹார்மோன் ஏறினால் அதன் சிறுநீரின் மணம் மாறுகிறது, வியர்வையின் மணம் மாறுகிறது, எச்சிலின் மணம் மாறுகிறது. அந்த மணம் இன்னொரு விலங்கின் மூக்கில் நுழைகிறது. நுழைந்து, அந்த விலங்கின் ஹார்மோனை ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது. உடல்கள் இரண்டு. ஓடுகிற சுழற்சி ஒன்று. இதற்கு ஆசிய யானையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. ஆகவே யானையிடம் போவோம்.

பெண் யானையின் கணக்கைப் பாருங்கள். கரு சுமப்பது ஏறக்குறைய 22 மாதம். கன்று பிறந்த பின் பால் கொடுக்கும் காலம் இருக்கிறது. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவே நான்கைந்து ஆண்டுகள் ஓடிவிடும். சினைப்பருவச் சுழற்சியே 14 முதல் 16 வாரம் நீளும். அதற்குள் கருத்தரிக்கத் தகுந்த நாட்கள் மிகச் சில. வளர்ந்த ஆண் யானையோ கூட்டத்தோடு வாழ்வதில்லை. எங்கோ ஒரு மலைச் சரிவில் தனியாகத் திரிகிறது. பெரிய காடு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சில நாட்கள். இவை இரண்டும் எப்படிச் சந்திக்கும்? கண் உதவாது. குரல் ஓரளவு உதவும். மூக்குதான் வேலையை முடிக்கிறது.

பெண் யானை சிறுநீர் விட்ட இடத்துக்கு ஆண் வருகிறது. துதிக்கை நுனியில் விரல்போல் இருக்கும் ஒற்றை நீட்சியால் ஈரத்தைத் தொடுகிறது. பிறகு துதிக்கையைச் சுருட்டி வாய்க்குள் கொண்டுபோய் மேலண்ணத்தில் ஓரிடத்தில் வைத்து அழுத்துகிறது. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துவிடலாம். அது குடிக்கவில்லை, படிக்கிறது. அண்ணத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. அவை போய்ச் சேரும் உறுப்பை 1813இல் டென்மார்க் நாட்டு லுட்விக் ஜேக்கப்சன் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறோம். ஆட்டுக்கிடா பெட்டையின் மூத்திரத்தை மோந்துவிட்டுத் தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே செயல்தான். உதட்டைச் சுருட்டும்போது அந்த ஈரம் ஜேக்கப்சன் உறுப்புக்குள் போகிறது.

சரி, அந்தச் சிறுநீரில் அப்படி என்ன இருக்கிறது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ராஸ்முசன் என்ற அம்மையார் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். 1982இல் அவருடைய முதல் முக்கியமான கட்டுரை வருகிறது: சினைப்பருவத்துப் பெண் யானையின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த பகுதிகளுக்கு ஆண் யானைகள் இந்தத் துதிக்கைச் சோதனையைச் செய்கின்றன என்று. எந்தப் பகுதி, எந்தப் பொருள் என்பது அப்போது தெரியாது. சிறுநீரில் கலந்திருப்பவை எத்தனையோ. ஒவ்வொன்றாகப் பிரிப்பது, ஆண் யானையிடம் கொடுத்துப் பார்ப்பது, அது கண்டுகொள்ளாவிட்டால் மறுபடி பிரிப்பது. பதினான்கு ஆண்டுகள் போயின. 1996இல் விடை அச்சில் வந்தது. ஒரே ஒரு பொருள். டோடெசினைல் அசிடேட் என்ற சிறிய மூலக்கூறு.

ஆச்சரியம் அங்கே முடியவில்லை. அந்த மூலக்கூறு அறிவியலுக்குப் புதியதே அல்ல! நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி வகைகளில், பெண் பூச்சி ஆண் பூச்சியை அழைக்க இதையே காற்றில் விடுகிறது. நாலைந்து டன் எடையுள்ள விலங்கும், ஊதினால் பறந்துவிடும் பூச்சியும், கோடிக்கணக்கான ஆண்டுகள் தனித்தனி வழியில் வந்து, ஒரே பொருளைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன. இதனால் குழப்பம் வராதா? வராது. பூச்சி விடுவது மிகமிக நுண்ணிய அளவு. யானையின் கவனத்துக்கே அது வராது. யானையின் அழைப்பு அந்துப்பூச்சியைச் சில வேளை இழுக்கலாம். யானைக்கு அதனால் நட்டமில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பொருளின் அளவு திடீரென்று ஒருநாள் ஏறுவதில்லை. பெண் யானையின் பிட்யூட்டரிச் சுரப்பி, முட்டையை வெளியே தள்ளும் ஹார்மோனை இரண்டு முறை அலையாக விடுகிறது. முதல் அலையில் முட்டை வருவதில்லை. சுமார் மூன்று வாரம் கழித்து வரும் இரண்டாவது அலையில்தான் வருகிறது. இடைப்பட்ட அந்த மூன்று வாரத்தில் சிறுநீரில் அழைப்பு மணம் கூடிக்கொண்டே போகிறது. தொலைவிலிருக்கும் ஆண்கள் வந்து சேர்வதற்கான அவகாசம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாள் குறிப்பவள் பெண். ஆண் யானையின் பலத்தைப் பாடியவர்கள் நிறைய. அந்தப் பலம் எப்போது எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பதைப் பெண்ணின் உடல் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லாமல் யானைக் காதலைப் பற்றிப் பேசுவது பாதிக் கதை.

மறுபாதிக்கு வருவோம். ஆண் என்ன சொல்கிறது?

மதம். வனத்துறை முகாம்களில் மஸ்து என்றும் சொல்வார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் உள்ள சுரப்பி வீங்கி மதநீர் வழியும். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பழகிய பாகனையும் நெருங்க விடாது. வாரக்கணக்கில், சில ஆண் யானைகளுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். உள்ளே என்ன நடக்கிறது? 1972இல் இலங்கையின் ஜைனுதீனும் அவருடைய கூட்டாளிகளும் யானைகளின் இரத்தத்தை எடுத்து அளந்தார்கள். மதம் இல்லாத காலத்தில் ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோன், ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 1.4 நானோகிராம். முழு மதத்தில் 29.6 முதல் 65.4 நானோகிராம். மறுபடி சொல்கிறேன்: ஒன்றரைக்குக் கீழே இருந்தது அறுபதைத் தாண்டுகிறது! எந்த உடல் இதைத் தாங்கும்? எந்த மனம் இதில் அமைதியாக இருக்கும்? மதம் பிடித்த யானையைத் திருவிழாக் கூட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவதும், அது மிரண்டால் அதன்மேல் பழி போடுவதும் எனக்குப் பொறுக்கவில்லை. மதநீர் வழிகிற யானைக்கு உரியவை தனிமையும் நிழலும் தண்ணீரும்தான். நல்ல பாகர்கள் இதை எந்த ஆய்வகமும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள்.

அந்த மதநீருக்கும் மணம் உண்டு. ஒரே மணம் அல்ல. முதன்முதலாக மதம் கொள்ளும் இளம் யானையின் மதநீர் தேன்போல் இனிக்கும் மணம் உடையது. முதிர்ந்த யானையின் மதநீர் மூக்கைப் பொத்தவைக்கும். 2002இல் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கட்டுரையில் ராஸ்முசனோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் நம் வி. கிருஷ்ணமூர்த்தி. தமிழ்நாட்டு வனத்துறையின் கால்நடை மருத்துவராக இருந்தவர். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாக உங்களில் பலர் அறிந்தவர். யானையின் கன்னத்து மதநீரில் வண்டு மொய்ப்பதைச் சங்கப் புலவர்கள் மீண்டும் மீண்டும் பாடியிருக்கிறார்கள். அதைக் கவிஞரின் கற்பனை என்று தள்ளிவிட முடியுமா? இனிய மணம் உண்மையிலேயே அங்கே இருக்கிறது.

முதிர்ந்த ஆணின் மதநீரில் மட்டும் மேலோங்கி நிற்கும் பொருள் ஒன்று உண்டு, பெயர் ஃபிரான்டலின். இந்த மூலக்கூறுக்கு இரண்டு வடிவங்கள். வலது கையும் இடது கையும் போல, ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றது. 2005இல் கிரீன்வுட், ராஸ்முசன் முதலியோர் கண்டது இது. இளம் யானையிடம் இந்தப் பொருள் குறைவு, அதிலும் ஒரு வடிவமே மிகுதி. வயது ஏற ஏற, மதம் முற்ற முற்ற, இரண்டு வடிவங்களும் சமமாக வருகின்றன. சமமாக வந்த அந்தக் கலவையைச் சினைப்பருவத்தை நெருங்கும் பெண் விரும்பி மோப்பம் பிடிக்கிறது. கர்ப்பமாக இருக்கும் பெண் விலகிப் போகிறது. இளம் ஆணும் விலகிப் போகிறது. ஒரே மணம், முகர்பவரின் உடலுக்குள் ஓடும் ஹார்மோனைப் பொறுத்து அதன் பொருள் மாறுகிறது! மோதாமல், தந்தம் உடையாமல், ஒரு துளி இரத்தம் சிந்தாமல் எத்தனை சண்டைகளை இந்த மணம் தவிர்க்கிறது!

மூத்த ஆண் இல்லாத காட்டில் என்ன ஆகும்? இது கற்பனைக் கேள்வி அல்ல, தென்னாப்பிரிக்காவில் நடந்தது. க்ரூகர் காட்டில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரியவற்றைச் சுட்டார்கள். தாயற்ற கன்றுகளைப் பிலனெஸ்பெர்க் என்ற வேறொரு பூங்காவில் கொண்டுபோய் விட்டார்கள். கன்றுகள் வளர்ந்தன. வளர்ந்த இளம் ஆண்களுக்கு, வர வேண்டிய வயதுக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே மதம் வந்தது. வந்த மதம் மாதக்கணக்கில் அடங்கவில்லை. 1992 முதல் 1997 வரை அவை 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. என்ன செய்வது? 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.  இளைஞர்களின் மதக்காலம் சுருங்கியது. கொலைகள் நின்றன. மதம் கொண்ட பெரிய ஆண் எதிர்ப்பட்டால், சின்ன ஆணின் சிறுநீர்ச் சொட்டு சிறிது நேரத்திலேயே நின்றுவிடுவதைக் களத்தில் பார்த்திருக்கிறார்கள். மணமும் குரலும் உருவமும் முட்டித் தள்ளுவதும் எல்லாம் சேர்ந்த பாடம் அது. ஓர் உடலின் முன்னிலை இன்னோர் உடலின் ஹார்மோனை அடக்கியது.

இதெல்லாம் யானைக்கு மட்டும்தானா? 1959ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். ஒரே ஆண்டில் மூன்று செய்திகள். ஒன்று, கார்ல்சனும் லூஷரும் உடலுக்கு வெளியே வேலை செய்யும் இந்தச் சேதிப் பொருள்களுக்கு ஃபெரோமோன் என்று பெயரிட்டார்கள். இரண்டு, அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில், தாயின் வயிற்றிலேயே டெஸ்டோஸ்டிரோனுக்கு ஆட்பட்ட பெண் கினிப்பன்றிகள் பெரியவையான பிறகும் ஆணின் நடத்தையை மேற்கொள்வதைக் கண்டார்கள். ஹார்மோன் நடத்தையைத் தூண்டுவது மட்டுமல்ல, பிறக்கும் முன்பே மூளையை வடிவமைக்கிறது என்று தெரிந்தது. மூன்றாவது, லண்டனில் ஹில்டா புரூஸ் அம்மையார் கண்டது. இது என்னை இன்றும் திகைக்க வைக்கிறது.

ஒரு பெண் சுண்டெலி ஓர் ஆணோடு சேர்ந்தது. கரு உருவாகிவிட்டது. அடுத்த சில நாட்களுக்குள் அறிமுகமில்லாத வேறோர் ஆணின் அருகே அதை வைத்தால், கரு கருப்பையில் ஒட்டாமல் போகிறது. தொடக்கூட வேண்டாம்; மணம் போதும். மோப்ப நரம்பு மையத்தை எடுத்துவிட்டால் இந்த விளைவு நடப்பதில்லை. பழகிய ஆணின் மணம் எதையும் கெடுப்பதில்லை. அந்நியனின் மணம் மூளைக்குப் போய், கருவைக் காக்கத் தேவையான புரோலாக்டின் சுரப்பை நிறுத்திவிடுகிறது. ஒரு மணத்தால் ஒரு கர்ப்பம் கலைகிறது! மணம் இத்தனை ஆழமாக உடலுக்குள் போகும் என்று அதற்கு முன் யார் நம்பியிருப்பார்கள்?

நம் ஊர் ஆட்டுக்கு வருவோம். கிடாவின் வாடையை நீங்கள் அறிவீர்கள். தெருமுனையில் நின்றாலே தெரியும். தன் தாடியிலும் மார்பிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும் விலங்கு அது. விதையடித்த கிடாவிடம் அந்த வாடை இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். டெஸ்டோஸ்டிரோன் போனதும் வாடையும் போகிறது. குளிர்நாடுகளில், பருவம் தப்பிய காலத்தில் பெட்டைகள் நடுவே ஒரு கிடாவை விட்டால், பெட்டைகள் சில நாட்களில் சினைப்பருவத்துக்கு வந்துவிடும். மேய்ப்பவர்கள் காலங்காலமாகக் கையாண்ட வழி இது. காரணமான பொருள்களில் ஒன்றை 2014இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடித்தார்கள். எப்படி? கிடாவின் தலையில் தொப்பி மாட்டி, முடியிலிருந்து கிளம்பும் ஆவியைச் சேர்த்தார்கள். அதில் கிடைத்த எத்தில் ஆக்டனல் என்ற பொருளைப் பெட்டைக்கு முகரக் கொடுத்ததும், இனப்பெருக்க ஹார்மோன்களைக் கட்டவிழ்க்கும் மூளை நரம்பணுக்கள் துடிக்கத் தொடங்கியதை மின்முனை வைத்துப் பதிவுசெய்தார்கள். நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் அல்ல, முகர்ந்தவுடன்!

எருமை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஊமைப் பருவம். எருமை சினைப்பருவத்துக்கு வரும். ஆனால் கத்தாது, மற்றதன்மேல் தாவாது, நமக்குத் தெரியவே தெரியாது. சினை ஊசி போட வேண்டிய நேரம் தப்பிவிடும்; அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பால்காரக் குடும்பத்துக்கு அது பண நட்டம். நமக்குத்தான் ஊமை; எருமைக்கிடாவுக்கு ஊமை அல்ல. அது மோந்து கண்டுபிடித்துவிடும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எருமையின் சிறுநீரைப் பகுத்து, சினைப்பருவத்தில் மட்டும் தென்படும் பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கிடாவின் மூக்குக்குத் தெரிவதை விவசாயியின் கைக்குக் கொண்டுவரும் எளிய சோதனை ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. பன்றிப் பண்ணைகளில் அது ஏற்கெனவே நடக்கிறது. ஆண் பன்றியின் எச்சிலில் உள்ள ஆன்ட்ரோஸ்டெனோனைப் பீய்ச்சினால், பருவத்திலிருக்கும் பெண் பன்றி அசையாமல் நின்றுவிடும். பருவத்தில் இல்லாதது நகர்ந்து போய்விடும்.

நண்பர்களே, இப்போது உங்கள் மனத்தில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். மனிதருக்கும் இப்படியா?

கவர்ச்சி மணம் என்று புட்டியில் அடைத்து விற்கிறார்கள். ஃபெரோமோன் என்று மேலே அச்சிடுகிறார்கள். வாங்காதீர்கள். மனிதரில் அப்படிப்பட்ட ஒரு பொருள் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஜேக்கப்சன் உறுப்பின் தடம் நம் மூக்கில் இருக்கலாம். அதிலிருந்து மூளைக்குப் போகும் வேலை செய்கிற நரம்பு வழி வளர்ந்த மனிதரில் இல்லை. அந்த உறுப்பு இயங்கத் தேவையான முக்கிய மரபணுவே நம் வம்சத்தில் பழுதாகிக் கிடக்கிறது. ஆப்பிரிக்க யானையிடம் மணம் அறியும் மரபணுக்கள் ஏறத்தாழ 2000. நம்மிடம் சுமார் 400. நமக்கும் மூக்கு உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு, நெருங்கியவரின் மணம் நமக்கு ஆறுதல் தருவதும் உண்டு. ஆனால் மனித உறவு பேச்சாலும் நினைவாலும் சம்மதத்தாலும் ஆனது. ஒருவருடைய விருப்பத்தைப் புட்டியிலிருந்து பீய்ச்சி மாற்றிவிடலாம் என்ற எண்ணமே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் மூக்குக்கும் இனப்பெருக்கத்துக்கும் உள்ள உறவு மனிதரில் அற்றுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இதுவரை சொன்னவற்றிலெல்லாம் பெரிய செய்தி இதுதான். நம் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் பகுதியில் சில ஆயிரம் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை விடும் ஹார்மோன்தான் பிட்யூட்டரியை எழுப்புகிறது. பிட்யூட்டரி விந்தகத்தையும் சினைப்பையையும் எழுப்புகிறது. பருவமடைவது அங்கேதான் தொடங்குகிறது. அந்த நரம்பணுக்கள் பிறப்பது எங்கே தெரியுமா? மூளையில் அல்ல! கருவில் மூக்கு உருவாகும் இடத்தில் பிறக்கின்றன. மோப்ப நரம்புகளைப் பற்றிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து மூளைக்குள் குடியேறுகின்றன. சுண்டெலியில் இதை 1989இல் கண்டார்கள். நம் கருவிலும் இதே பயணம் நடக்கிறது.

சிலருக்கு அந்தப் பயணம் பாதியில் நின்றுவிடுகிறது. அணுக்கள் மூக்கருகிலேயே தங்கிவிடுகின்றன. மோப்ப நரம்பும் சரியாக வளர்வதில்லை. பிறந்த குழந்தை நன்றாக வளரும், நன்றாகப் படிக்கும். ஆனால் மணம் தெரியாது. உரிய வயதில் பருவமும் வராது. இந்த இரண்டும் சேர்ந்து குடும்பங்களில் தொடர்வதை 1944இல் கால்மன் என்ற மருத்துவர் விவரித்தார். கால்மன் நோய்க்குறி என்றே பெயர். அரிதானதுதான். ஆனால் அரிதான ஒன்றுக்குத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை என்று பள்ளியில் கேலிக்கு ஆளாகிற பையன். வயதுக்கு வரவில்லை என்று உறவினர் வாயில் விழுகிற பெண். அவர்களிடம், உனக்கு மல்லிகையின் மணம் தெரிகிறதா, பால் பொங்கித் தீய்ந்தால் தெரிகிறதா என்று கேட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்? பிறந்ததிலிருந்தே மணம் தெரியாத பிள்ளைக்கு, மணம் என்பதே என்னவென்று தெரியாது; தனக்கு அது இல்லை என்று தானாக வந்து சொல்லாது.

இந்த அவையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், செவிலியர்கள் இருக்கிறீர்கள், பெற்றோர் இருக்கிறீர்கள். பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 14 வயது கடந்தும் பருவத்தின் அடையாளம் எதுவும் தொடங்கவில்லையென்றால், அந்தப் பிள்ளையை உட்சுரப்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மணம் தெரிகிறதா இல்லையா என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள். வராமல் நின்றுபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுக்க முடியும். பருவம் வரும். முறையான சிகிச்சை எடுத்த பலர் பிள்ளை பெற்றும் வாழ்கிறார்கள்.